கனடாவின் மறுப்புக் கடிதமும் மறுவிண்ணப்பமும்

கல்வி அனுமதி மறுக்கப்பட்டவர்களுக்குக் கனடா அனுப்பும் கடிதம் மிகச் சுருக்கமானது. அனுமதிக்கப்பட்ட காலம் முடிந்ததும் விண்ணப்பதாரர் நாட்டைவிட்டு வெளியேறுவார் என்று அதிகாரிக்கு நம்பிக்கை ஏற்படவில்லை என்பது அதன் மையக் கருத்து. அதற்கு ஆதாரமாகக் குடும்பப் பிணைப்பு, பயணத்தின் நோக்கம், நிதிநிலை ஆகியவற்றில் ஒன்றோ இரண்டோ குறிக்கப்பட்டிருக்கும். நான்காண்டுக் கல்லூரிப் படிப்பு, ஐஇஎல்டிஎஸ் தேர்வு, வங்கிக் கடனுக்காக வைத்த வீட்டுப் பத்திரம், உறவினர்களிடம் முன்கூட்டியே சொல்லி வாங்கிய வாழ்த்து என எல்லாவற்றுக்கும் பதிலாக வருவது இந்தச் சில வரிகள்தான். மறுப்பு ஏன் என்பது அதைப் படிப்பவருக்குப் பெரும்பாலும் விளங்குவதில்லை. விளங்காத நிலையிலேயே அடுத்த வாரம் அதே தாள்களுடன் மறுபடியும் விண்ணப்பித்துவிடுகிறார்கள். இரண்டாவது மறுப்பு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

இது இன்று சிலருடைய சிக்கலாக இல்லை. கனடா குடிவரவுத் துறை ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்துக்கு அளித்த தரவுகளின்படி, 2025 ஆகஸ்டில் முடிவு செய்யப்பட்ட இந்தியர்களின் கல்வி அனுமதி விண்ணப்பங்களில் ஏறத்தாழ 74 விழுக்காடு நிராகரிக்கப்பட்டன. ஈராண்டுகளுக்கு முன்பு, 2023 ஆகஸ்டில், அது ஏறத்தாழ 32 விழுக்காடாக இருந்தது. அதே மாதங்களில் இந்திய விண்ணப்பதாரர்களின் எண்ணிக்கை 20,900 என்பதிலிருந்து 4,515 ஆகச் சரிந்தது. அதாவது, விண்ணப்பிப்பவர்கள் நான்கில் ஒரு பங்குக்கும் கீழே குறைந்த பிறகும், விண்ணப்பித்தவர்களில் நான்கில் மூவர் திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறார்கள். மாணவர்களின் தகுதி ஈராண்டுகளில் இந்த அளவுக்கு வீழ்ந்துவிட்டது என்று யாரும் வாதிட முடியாது. மாறியது அவர்களை அளக்கும் அளவுகோல்.

அளவுகோல் மாறிய கதை சிக்கலானது. 2023 இறுதியில் கனடாவில் செல்லுபடியாகும் கல்வி அனுமதியுடன் இருந்தவர்கள் 10 லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள். டொரன்டோவிலும் வான்கூவரிலும் வீட்டு வாடகை நடுத்தர வர்க்கத்துக்கு எட்டாத உயரத்துக்குப் போனபோது, பழி வெளிநாட்டு மாணவர்கள் மீது விழுந்தது. மாகாண அரசுகள் உயர்கல்விக்கான நிதியைப் போதிய அளவில் உயர்த்தாமல் விட்டதால், கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர்களின் கட்டணத்தை நம்பியே நடக்கும் நிலைக்கு வந்திருந்தன என்ற உண்மை அந்தக் கூச்சலில் காணாமல் போனது. 2024 ஜனவரி 1 முதல், ஒரு மாணவர் தன் வாழ்க்கைச் செலவுக்குக் காட்ட வேண்டிய தொகை 10,000 கனடிய டாலரிலிருந்து 20,635 டாலராக ஒரே அடியாக உயர்ந்தது. அதே மாதம் 22ஆம் தேதி, அன்றைய குடிவரவு அமைச்சர் மார்க் மில்லர் கல்வி அனுமதிக்கு உச்சவரம்பை அறிவித்தார். மாகாண அரசின் உறுதிக்கடிதம் இல்லாமல் பெரும்பாலோர் விண்ணப்பிக்கவே முடியாது என்ற விதியும் உடன் வந்தது. 2024 நவம்பர் 8 அன்று, இந்தியா உள்ளிட்ட நாடுகளின் மாணவர்களுக்கு விரைவாக முடிவு சொல்லிவந்த நேரடி மாணவர் திட்டம் நிறுத்தப்பட்டது. வாழ்க்கைச் செலவுத் தொகை 2025 செப்டம்பரில் 22,895 டாலராக மீண்டும் உயர்ந்தது. இன்றைய மதிப்பில் இது ரூ.14 லட்சத்துக்கும் மேல். முதலாண்டுக் கல்விக் கட்டணமும் பயணச் செலவும் இதில் சேராது. 2026ஆம் ஆண்டுக்குப் புதிதாக வரும் மாணவர்களின் இலக்காகக் கனடா வைத்திருப்பது 1,55,000 மட்டுமே.

இதற்கிடையே இரு நாட்டு உறவும் கெட்டது. 2023 அக்டோபரில் கனடா தன் தூதரக அதிகாரிகள் 41 பேரை இந்தியாவிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், பஞ்சாபைச் சேர்ந்த நூற்றுக்கணக்கான மாணவர்கள் போலிச் சேர்க்கைக் கடிதங்களுடன் கனடாவுக்குள் வந்திருந்தது அம்பலமாகிப் பெரும் செய்தியானது. அவர்களில் பலருக்குத் தங்கள் கையில் இருந்தது போலி என்பதே தெரியாது. முகவர் கொடுத்தார், வாங்கிக்கொண்டார்கள். ஆனால் அந்த நிகழ்வின் நிழல் அதன் பின்னர் விண்ணப்பித்த ஒவ்வோர் இந்திய மாணவரின் கோப்பின் மீதும் படிந்தது. 2023 டிசம்பர் முதல், ஒவ்வொரு சேர்க்கைக் கடிதத்தையும் கல்லூரியிடமே கேட்டுச் சரிபார்க்கும் முறை நடைமுறைக்கு வந்தது.

கனடாவுக்குத் தன் எல்லையைக் கட்டுப்படுத்தும் உரிமை உண்டு. அதை யாரும் மறுக்கவில்லை. கேள்வி வேறு. எண்ணிக்கையைக் குறைப்பது அரசின் கொள்கை முடிவு. ஆனால் எந்த மறுப்புக் கடிதத்திலும் “இந்த ஆண்டு இடம் குறைவு” என்று எழுதப்படுவதில்லை. “நீங்கள் திரும்பிப் போவீர்கள் என்று நம்பிக்கை இல்லை” என்றே எழுதப்படுகிறது. கொள்கையின் சுமை, தனிமனிதரின் நம்பகத்தன்மை மீதான தீர்ப்பாக மாற்றப்பட்டு மாணவரின் கைக்கு வந்து சேர்கிறது. இருபத்திரண்டு வயது இளைஞர் அதைத் தன் மீதான களங்கமாக எடுத்துக்கொள்வதில் வியப்பில்லை. கனடா அரசின் நேர்மை குறித்து எழுப்பத்தக்க முதல் கேள்வி இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மறுப்புக்குப் பிறகு என்ன வழி? கல்வி அனுமதி மறுப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யக் கனடாவின் குடிவரவுச் சட்டம் இடம் தரவில்லை. இருப்பவை இரண்டு வழிகள்: புதிதாக விண்ணப்பிக்கலாம், அல்லது, கூட்டாட்சி நீதிமன்றத்தில் நீதிமுறை மறுஆய்வு கோரலாம். மறுவிண்ணப்பத்துக்குக் காத்திருப்புக் காலம் எதுவும் கிடையாது. கடிதத்தில் தடை எதுவும் சொல்லப்படாவிட்டால் மறுநாளே விண்ணப்பிக்கலாம். 150 டாலர் விண்ணப்பக் கட்டணத்தை மறுபடியும் கட்ட வேண்டும். கைரேகைப் பதிவு பத்தாண்டுகளுக்குச் செல்லும் என்பதால், அதற்கான 85 டாலரைப் பெரும்பாலும் மறுபடி கட்ட வேண்டியதில்லை. சட்டப்படி இரண்டாவது விண்ணப்பம் முற்றிலும் புதியது. ஆனால் நடைமுறையில், அதை எடுத்துப் பார்க்கும் அதிகாரியின் கணினித் திரையில் முதல் விண்ணப்பமும் அதன் மீது எழுதப்பட்ட குறிப்புகளும் இருக்கும். முதல்முறை சொன்னதற்கும் இரண்டாம்முறை சொல்வதற்கும் இடையே முரண்பாடு இருந்தால் அது உடனே கண்ணில் படும். முரண்பாடே இல்லாமல், புதிதாக ஒன்றும் சொல்லாமலும் இருந்தால், முந்தைய அதிகாரியின் முடிவை மாற்ற இரண்டாவது அதிகாரிக்குக் காரணம் எதுவும் இருக்காது. சூழ்நிலை குறிப்பிடத்தக்க அளவில் மாறியிருந்தாலோ புதிய தகவல் இருந்தாலோ மட்டும் மறுபடி விண்ணப்பியுங்கள் என்று குடிவரவுத் துறையே அறிவுறுத்துகிறது.

ஆகவே முதல் வேலை, மறுப்பின் உண்மையான காரணத்தைத் தெரிந்துகொள்வது. கடிதத்தில் இருப்பது தலைப்பு மட்டுமே. அதிகாரி என்ன எண்ணினார் என்பது துறையின் கணினிப் பதிவில் நான்கைந்து வரிகளில் இருக்கும். நெடுங்காலம் அதைப் பெறுவது கடினமாக இருந்தது. தகவல் பெறும் சட்டத்தின்கீழ் கனடாவில் இருப்பவர்கள் மட்டுமே கேட்க முடியும் என்பதால், அங்குள்ள ஒருவர் மூலம் ஐந்து டாலர் கட்டிக் கேட்க வேண்டியிருந்தது. 2022 ஜூலை முதல், வெளிநாட்டில் இருப்பவர்களும் தனியுரிமைச் சட்டத்தின்கீழ்த் தங்களைப் பற்றிய பதிவுகளைக் கட்டணமின்றிக் கேட்கலாம். 2025 ஜூலை இறுதியிலிருந்து, கல்வி அனுமதி உள்ளிட்ட சில வகை மறுப்புகளில் அதிகாரியின் குறிப்பைக் கடிதத்துடனேயே இணைத்து அனுப்பும் வழக்கம் தொடங்கியிருக்கிறது. அண்மை ஆண்டுகளில் அந்தத் துறை செய்தவற்றுள் மாணவருக்கு உண்மையில் பயன்படும் மாற்றம் இது ஒன்றுதான். ஆனால் குறிப்பு கையில் இருந்தும் அதைப் படிக்காமல் மறுவிண்ணப்பம் செய்பவர்கள் இருக்கிறார்கள். படிக்கவிடாத முகவர்களும் இருக்கிறார்கள்.

குறிப்புகளில் அடிக்கடி வரும் காரணம், படிப்பின் பொருத்தம். ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பார்க்கலாம். கோவையில் இயந்திரப் பொறியியல் பட்டம் பெற்று, பம்ப் தயாரிப்பு நிறுவனமொன்றில் மூன்றாண்டுகள் வேலை பார்த்த இளைஞர், ஒன்டாரியோவில் ஒரு கல்லூரியில் அலுவலக மேலாண்மைச் சான்றிதழ் படிப்புக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பட்டத்தைவிடக் கீழான நிலையிலுள்ள, தொழிலோடு தொடர்பில்லாத ஒரு படிப்புக்கு 30 லட்சம் ரூபாய் ஏன் செலவிடுகிறார்? அதிகாரி கேட்கும் கேள்வி இது. கேள்வியில் தவறில்லை. அந்தப் படிப்பை அவர் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார். எந்தக் கல்லூரி அதிகத் தரகு தருகிறதோ அதை முகவர் தேர்ந்தெடுத்திருப்பார். நோக்க அறிக்கையையும் முகவரின் அலுவலகத்தில் யாரோ எழுதியிருப்பார்கள். கனடாவின் பன்முகப் பண்பாடு, தரமான கல்வி, அமைதியான சூழல் என்று எல்லோருடைய அறிக்கையிலும் இருக்கும் அதே மூன்று பத்திகள் அதிலும் இருக்கும். இந்த மாணவர் மறுவிண்ணப்பத்தில் அறிக்கையின் சொற்களை மட்டும் மாற்றினால் பயன் விளையாது; படிப்பையே மாற்ற வேண்டியிருக்கலாம். அதே தொகைக்கு உற்பத்திப் பொறியியலில் முதுநிலைப் பட்டம் கிடைக்குமானால் அதுவே அவருடைய வாதம். பொதுத்துறைக் கல்வி நிறுவனங்களின் முதுநிலை, முனைவர் பட்ட மாணவர்களுக்கு 2026 ஜனவரி முதல் மாகாண உறுதிக்கடிதம் தேவையில்லை என்று விதி தளர்த்தப்பட்டிருப்பதும் இங்கே கருதத்தக்கது. படிப்பை மாற்ற இயலாதவர், பழைய வேலைக்கும் புதிய படிப்புக்கும் திரும்பி வந்து செய்யப்போகும் வேலைக்கும் இடையே உள்ள தொடர்பை, நிறுவனத்தின் பெயர், பதவி, ஊதியம் என்ற அளவில் துல்லியமாகக் காட்டியாக வேண்டும். கல்லூரிக் காலத்தில் அரியர் இருந்தால் அதை மறைக்காமல், எப்போது எழுதித் தேறினார் என்பதைச் சொல்லிவிடுவதே நல்லது. மதிப்பெண் பட்டியலில் அது எப்படியும் தெரியும்.

அடுத்தது பணம். நம் குடும்பங்களின் வாழ்க்கை முறைக்கும் கனடா எதிர்பார்க்கும் ஆவணங்களுக்கும் இடையே உள்ள பிளவு இங்கேதான் ஆழமாகத் தெரிகிறது. தஞ்சையிலோ ஈரோட்டிலோ ஐந்து ஏக்கர் நஞ்சை வைத்திருக்கும் குடும்பம் ஏழைக் குடும்பமன்று. ஆனால் வேளாண் வருமானத்துக்கு இந்தியாவில் வருமான வரி இல்லை என்பதால், தந்தையின் வரித் தாக்கலில் அது சரியாகத் தெரிவதில்லை. பலர் தாக்கல் செய்வதே இல்லை. நெல் விற்ற பணமும் மஞ்சள் விற்ற பணமும் ரொக்கமாக வந்து ரொக்கமாகவே போகின்றன. சேமிப்பு நகையாக இருக்கிறது, சீட்டாக இருக்கிறது, மனையாக இருக்கிறது. மகன் வெளிநாடு போவதென்று முடிவானதும் நகையை அடகு வைத்து, சீட்டை எடுத்து, மாமன் கொடுத்ததையும் சேர்த்து, விண்ணப்பத்துக்கு ஒரு மாதம் முன்பு 20 லட்சத்தை வங்கியில் போடுகிறார்கள். அதிகாரி பார்ப்பது, பதினோரு மாதம் இருபதாயிரத்தைத் தாண்டாத ஒரு கணக்கில் திடீரென்று விழுந்த 20 லட்சம். கடன் வாங்கிக் காட்டிவிட்டுத் திருப்பித் தரப்போகும் பணம் என்று அவர் ஐயுறுகிறார். அந்த ஐயம் ஆதாரமற்றது என்று சொல்லிவிட முடியாது. அப்படிப் பணம் ‘காட்டித் தருவதையே’ தொழிலாகச் செய்பவர்கள் நம் ஊர்களில் இருப்பது எல்லோரும் அறிந்ததுதான்.

இதற்கு விடை, பணத்தின் வரலாற்றை எழுத்தில் வைப்பது. மனை விற்ற பணமென்றால் கிரையப் பத்திரம்; நகைக்கடனென்றால் வங்கியின் ரசீது; வேளாண் வருமானமென்றால் பட்டா, சிட்டா, அடங்கலுடன், நெல் கொள்முதல் நிலையமோ ஒழுங்குமுறை விற்பனைக் கூடமோ கொடுத்த சீட்டுகள்; மாமன் கொடுத்ததென்றால் அவர் கையொப்பமிட்ட கடிதமும் அவருடைய கணக்கு விவரமும். எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, ஒரு பக்கத்தில் எது எங்கிருந்து வந்தது என்று விளக்கி இணைக்க வேண்டும். பட்டயக் கணக்காளர் தரும் சொத்து மதிப்புச் சான்று மட்டும் போதாது. அதில் வீடும் நிலமும் கோடிக்கணக்கில் மதிப்பிடப்பட்டிருக்கும்; ஆனால் கட்டணம் கட்ட வேண்டிய நாளில் வீட்டை எடுத்துக் கொடுக்க முடியாது என்பது அதிகாரிக்குத் தெரியும். முறையாக ஒப்பளிக்கப்பட்ட கல்விக் கடன், இந்த வகையில், திடீர் வரவைவிடப் பல மடங்கு வலுவான ஆவணம். கடன் வாங்குவதை மதிப்புக் குறைவாக எண்ணி, கையில் உள்ளதைப் புரட்டியே அனுப்ப முயலும் தந்தையர் இதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

குடும்பப் பிணைப்பு என்ற காரணம் தமிழர்களுக்குத் தனிப் பொருள் உடையது. கனடாவில், குறிப்பாக டொரன்டோவின் ஸ்கார்பரோவிலும் அதை அடுத்த மார்க்கம் நகரிலும், ஈழத்திலிருந்து சென்ற தமிழர்கள் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க விண்ணப்பிக்கும் பெண்ணுக்கு அங்கே சித்தப்பாவோ பெரியம்மாவோ இருப்பது மிக இயல்பு. தங்க இடமும் உண்ண உணவும் உறுதி என்பதால் குடும்பம் அதை வலுவாகக் கருதுகிறது. குடிவரவு அதிகாரி அதையே, திரும்பி வராமல் இருப்பதற்கான ஈர்ப்பாக எடைபோடக்கூடும். எதற்கு ஆறுதல் என்று நினைத்தோமோ அதுவே எதிராக நிற்கிறது. இப்படிப்பட்ட ஊகங்களைக் கூட்டாட்சி நீதிமன்றம் சில வழக்குகளில் கண்டித்திருக்கிறது. தாயும் தந்தையும் உடன்பிறந்தாரும் சொந்த நாட்டில் இருக்கும்போது பிணைப்பு போதாது என்று சொல்ல, அதிகாரி ஏதேனும் ஆதாரத்தைச் சுட்ட வேண்டும் என்பது அந்தத் தீர்ப்புகளின் சாரம். ஆனாலும் உறவினரை மறைப்பது வழியாகாது. விண்ணப்பத்தில் கேட்டிருந்தால் சொல்லியாக வேண்டும். சொல்லிவிட்டு, சொந்த ஊரில் இருக்கும் பெற்றோர், அவர்களின் முதுமை, தொழில், நிலம், தன் பெயரில் காத்திருக்கும் வேலை ஆகியவற்றை அதைவிட விரிவாக எழுத வேண்டும்.

“திரும்பிப் போவீர்களா” என்ற கேள்விக்குள் ஒரு முரண் ஒளிந்திருக்கிறது. படிப்பு முடித்தால் வேலை அனுமதி, வேலை பார்த்தால் நிரந்தரக் குடியுரிமைக்கான மதிப்பெண் என்ற ஏணியைக் கட்டியதே கனடாதான். அந்த ஏணியைக் காட்டித்தான் அதன் கல்லூரிகள் சென்னையிலும் கொச்சியிலும் சண்டிகரிலும் நட்சத்திர விடுதிகளில் கல்விக் கண்காட்சி நடத்தின. அந்தக் கண்காட்சிக்குப் போய்வந்த மாணவர் விண்ணப்பத்தில், “படித்து முடித்ததும் திரும்பிவிடுவேன்” என்று எழுத வேண்டும், எழுதாவிட்டால் மறுப்பு. குடிவரவுச் சட்டத்தின் 22(2) பிரிவு, நிரந்தரமாகக் குடியேறும் எண்ணம் இருப்பதே தற்காலிக அனுமதிக்குத் தடையாகாது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. அனுமதிக் காலம் முடிந்தால் சட்டப்படி வெளியேறுவார் என்ற நம்பிக்கை இருந்தால் போதும். இரட்டை நோக்கம் எனப்படும் இந்தக் கோட்பாட்டைப் பற்றி விண்ணப்பதாரர்களில் பெரும்பாலோர் கேள்விப்பட்டதே இல்லை. அதனால், கனடாவின் மீது தனக்கு எந்த ஆசையும் இல்லை என்பது போலச் செயற்கையாக எழுதி, அந்தச் செயற்கையாலேயே நம்பகத்தன்மையை இழக்கிறார்கள். வாய்ப்புக் கிடைத்தால் சட்டப்படி தங்குவேன், கிடைக்காவிட்டால் திரும்புவேன், திரும்பினால் இன்ன வேலை இருக்கிறது என்று எழுதுவது உண்மைக்கும் சட்டத்துக்கும் நெருக்கமானது. அதை எல்லா அதிகாரிகளும் ஏற்பார்கள் என்று உறுதி கூற முடியாது. இருந்தாலும் பொய்யைவிட அது பாதுகாப்பானது.

பொய்யின் விலை அப்படிப்பட்டது. முன்பு எந்த நாட்டிலாவது விசாவோ அனுமதியோ மறுக்கப்பட்டதுண்டா என்று விண்ணப்பப் படிவம் நேரடியாகக் கேட்கிறது. எந்த நாட்டிலும் என்பதைக் கவனிக்க வேண்டும். ஐந்தாண்டுகளுக்கு முன்பு சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் மறுக்கப்பட்ட சுற்றுலா விசாவும் இதில் அடங்கும். அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளுடன் கனடா குடிவரவுத் தகவல்களைப் பகிர்ந்துகொள்கிறது. மறைத்தது தெரியவந்தால் அது வெறும் மறுப்போடு நிற்காது. தவறான தகவல் அளித்தல் என்று 40ஆம் பிரிவின்கீழ் முடிவானால் ஐந்தாண்டுகளுக்குக் கனடாவுக்குள் நுழைய முடியாது. முகவர்தான் ‘இல்லை’ என்று குறித்தார், எனக்குத் தெரியாது என்ற விளக்கம் பெரும்பாலும் எடுபடாது. விண்ணப்பத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது. மறுப்பை ஒப்புக்கொண்டு, அதற்குப் பிறகு என்ன மாறியது என்று விளக்கியவருக்கு வழி திறந்தே இருக்கிறது. மறைத்தவருக்கு ஐந்தாண்டுகள் மூடப்படும்.

முகவர்களைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கட்டணம் பெற்றுக்கொண்டு குடிவரவு விண்ணப்பத்தில் பிறருக்காகச் செயல்படக் கனடாச் சட்டம் அனுமதிப்பது, அந்நாட்டு வழக்குரைஞர்கள், கியூபெக் நோட்டரிகள், உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகர்கள் ஆகியோரை மட்டுமே. நம் நகரங்களில் பலகை மாட்டியிருக்கும் பெரும்பாலான கல்வி ஆலோசனை நிறுவனங்கள் இந்த மூன்றிலும் சேராதவை. கல்லூரிகள் தரும் தரகே அவற்றின் வருமானம். இந்தியாவில் 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர்களைப் பதிவு செய்யச் சொல்கிறது. படிக்க அனுப்புபவர்கள் அதன் வரம்புக்குள் வரவில்லை. வளைகுடாவுக்குக் கொத்தனாரை அனுப்புபவருக்குப் பதிவு வேண்டும். 30 லட்சம் ரூபாய் கடனுடன் ஒரு மாணவரைக் கனடாவுக்கு அனுப்புபவருக்கு வேண்டாம் என்ற நிலையை மத்திய அரசும் மாநில அரசும் எப்படி இவ்வளவு காலம் சகித்துக்கொண்டிருக்கின்றன என்பது புரியவில்லை. நேர்மையாக நடத்துபவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கண்டறிய மாணவரிடம் ஒரு வழியும் இல்லை என்பதுதான் குறை.

இரண்டாவது வழியான நீதிமன்றத்துக்கு வருவோம். மறுப்பு கிடைத்ததிலிருந்து, கனடாவுக்கு வெளியே எடுக்கப்பட்ட முடிவானால் 60 நாட்களுக்குள் மனுச் செய்ய வேண்டும். முதலில் நீதிமன்றத்தின் அனுமதி பெற்ற பிறகே வழக்கு விசாரிக்கப்படும். கனடா உச்ச நீதிமன்றம் 2019இல் வாவிலோவ் வழக்கில் வகுத்த அளவுகோல்படி, முடிவு நியாயமானதா, காரணங்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதை மட்டுமே நீதிபதி பார்ப்பார். ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களை விரைந்து முடிக்கச் சினூக் என்ற எக்செல் வழிக் கருவியை அதிகாரிகள் பயன்படுத்துவது இத்தகைய வழக்குகள் மூலமாகத்தான் வெளியுலகுக்குத் தெரியவந்தது. வென்றாலும் நீதிமன்றம் அனுமதியை வழங்காது. வேறோர் அதிகாரி புதிதாக முடிவெடுக்கட்டும் என்றே ஆணையிடும். வழக்கு முடிய ஓராண்டுக்கு மேலாகிவந்த நிலையில், கல்வி அனுமதி வழக்குகளுக்கென 2024 அக்டோபரில் ஓர் எளிய முன்னோட்ட நடைமுறை தொடங்கப்பட்டது. சிக்கலற்ற வழக்குகளை ஏறத்தாழ ஐந்து மாதங்களில் முடிப்பது அதன் நோக்கம். நல்ல முயற்சிதான். ஆனால் கனடிய வழக்குரைஞரின் கட்டணம் பல லட்சம் ரூபாய் ஆகலாம் என்பதால், இந்தக் கதவு வசதியுள்ளவர்களுக்கே திறக்கிறது. என் கணிப்பில், சமர்ப்பித்த ஆவணத்தை அதிகாரி பார்க்கவே இல்லை என்பது குறிப்பிலிருந்து தெளிவாகத் தெரிந்தால் மட்டும் நீதிமன்றத்தை எண்ணலாம். நம் பக்கம் ஆவணம் குறைவாக இருந்ததென்றால் மறுவிண்ணப்பமே சரி. அதிகாரியின் குறிப்புக்காகக் காத்திருப்பதில் 60 நாட்கள் கழிந்துவிடும் ஆபத்தும் உண்டு.

வேறு நாடுகள் இதைவிடத் தாராளமானவை என்று எண்ண வேண்டியதில்லை. அமெரிக்கச் சட்டத்தின் 214(பி) பிரிவு, மாணவர் விசா கேட்பவரையும் குடியேற வருபவராகவே முதலில் கருதச் சொல்கிறது. அல்ல என்று நிறுவுவது அவர் பொறுப்பு. அங்கும் மேல்முறையீடு கிடையாது. பிரிட்டனில் அதிகாரியின் பிழையைச் சுட்டி 28 நாட்களுக்குள் நிர்வாக மறுஆய்வு கோரலாம். ஆஸ்திரேலியா தன் மாணவர் விசாக் கட்டணத்தை 2025 ஜூலையில் 2,000 ஆஸ்திரேலிய டாலராக்கிவிட்டது; மறுக்கப்பட்டால் அது போனதுதான். கனடாவில் மறுக்கப்பட்டதும் ஒரே வாரத்தில் வேறொரு நாட்டுக்குத் தாவுபவர்கள், அங்கும் பழைய மறுப்பைச் சொல்ல வேண்டியிருக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

மறுவிண்ணப்பமே செய்யாமல் இருப்பதும் ஒரு முடிவு என்பதை ஏனோ நம்மில் யாரும் பேசுவதில்லை. தனியாருடன் கூட்டுச் சேர்ந்து நடத்தப்படும் பொதுக் கல்லூரிகளின் படிப்புகளுக்கு, 2024 மே 15 முதல் சேர்ந்தவர்களுக்குப் படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதி இல்லை. 2024 நவம்பர் முதல், கல்லூரி அளவிலான பல படிப்புகளுக்கு, குறிப்பிட்ட துறைகளில் அமைந்தால் மட்டுமே அந்த அனுமதி கிடைக்கும். பட்டம் வாங்கிய பின் அங்கேயே இரண்டு மூன்று ஆண்டுகள் வேலை பார்த்துக் கடனை அடைக்கலாம் என்று போட்ட கணக்கு, இந்த மாற்றங்களுக்குப் பின் பல படிப்புகளுக்குப் பொருந்தாது. அனுமதி கிடைத்தும் கணக்குத் தவறும் நிலையைவிட, மறுப்பிலேயே நின்றுகொண்டது சில குடும்பங்களுக்கு நன்மையாக இருக்கலாம். கேட்கக் கசப்பான வாதம்தான். ஆனால் அடகில் இருப்பது வீடு என்னும்போது, அதை எண்ணிப்பார்க்காமல் இருக்க முடியாது.

முடிவெடுக்க அதிக நாட்களும் இல்லை. மறுப்புக் கடிதம் வந்ததும் கல்லூரி இரண்டு வாய்ப்புகளைத் தரும்: கட்டிய கட்டணத்தை நிர்வாகச் செலவு கழித்துத் திருப்பிப் பெறலாம், அல்லது சேர்க்கையை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைக்கலாம். இரண்டுக்கும் கெடு உண்டு. தள்ளிவைத்தால் பணம் கல்லூரியிடமே இருக்கும். படிப்பை மாற்றிக்கொள்ளும் விடுதலை குறையும். முகவர்கள் தள்ளிவைக்கவே சொல்வார்கள், ஏனெனில் மாணவர் சேர்ந்தால்தான் அவர்களுக்குத் தரகு. பணத்தைத் திரும்பப் பெற்றால் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்க வேண்டும். சேர்க்கைக் கடிதம் முதல் மாகாண உறுதிக்கடிதம் வரை. பழைய உறுதிக்கடிதம் மறுவிண்ணப்பத்துக்குச் செல்லுமா, அதன் காலம் எப்போது முடிகிறது என்பதைக் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் பிரிவுக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்பி, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ள வேண்டும். வங்கியில் முன்கூட்டி வைத்த வாழ்க்கைச் செலவு வைப்புத் தொகையையும் மறுப்புக் கடிதத்தைக் காட்டித் திரும்பப் பெறலாம். இந்தக் கடிதப் போக்குவரத்து எல்லாம் முகவரின் மின்னஞ்சல் முகவரியில் நடந்துகொண்டிருந்தால், அதன் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்குவதுதான் மாணவர் இப்போது செய்ய வேண்டிய முதல் வேலை.